எந்த நாள் திருநாள்? முத்துக்குளித்துறையில் ஒரு பழைய கேள்வி

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5 அன்று தூத்துக்குடி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. பனிமய மாதா பேராலயத் திருவிழாவுக்காக மாவட்ட நிர்வாகம் வெளியிடும் அறிவிப்பில் வழக்கமாக இன்னொரு வரியும் இருக்கும்: இதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள். பெரும்பாலோருக்கு அது பள்ளிக்கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் ஒரு நாள் கூடுதலாகப் போவது மட்டும்தான். ஆனால் அதே மாவட்டத்தில், நாசரேத்தை ஒட்டிய பிரகாசபுரம் பக்கம், சனிக்கிழமைதான் கடவுள் குறித்த ஓய்வுநாள் என்று நூறாண்டுக்கும் மேலாகச் சொல்லிவரும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு சாராரின் திருநாளை ஈடுகட்ட இன்னொரு சாராரின் புனித நாளில் மணி அடிக்கிறது. இதில் யாரும் யாரையும் புண்படுத்த நினைக்கவில்லை. அரசின் நாள்காட்டிக்குச் சனி வெறும் சனி.

ஆனால் அந்த இரண்டு வரிகளுக்கு அடியில் மிகப் பழைய வழக்கு ஒன்று கிடக்கிறது. புனித நாள் எது, அது எப்போது வரும் என்று யார் சொல்வது? வேதப் புத்தகமா, திருச்சபையின் மரபா, அந்தந்த ஊரின் வாழ்க்கையா? இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவ உலகம் தந்த முக்கியமான விடைகளில் பெரும்பாலானவை, மணப்பாட்டிலிருந்து வேம்பாறு வரையிலான கரையிலும் அதை ஒட்டிய தேரிக்காட்டு ஊர்களிலும் ஏதோ ஒரு வடிவில் புழங்குகின்றன. அவற்றை வரிசையாகப் பார்க்கும்போது ஒவ்வொன்றின் பலமும் ஓட்டையும் தெரிகின்றன.

வேதம் சொல்வதும் சொல்லாததும்

பழைய ஏற்பாடு நாள்களை விரிவாக வகுக்கிறது. பத்துக் கட்டளைகளில் ஒன்று ஏழாம் நாளை ஓய்வுநாளாக ஆசரிக்கச் சொல்கிறது. லேவியராகமத்தின் 23ஆம் அதிகாரம் பஸ்கா, அறுப்பின் பண்டிகை, எக்காளப் பண்டிகை, கூடாரப் பண்டிகை என்று ஓர் ஆண்டுக்கான அட்டவணையையே தருகிறது. இவற்றில் பல, நிலவைக் கணக்கிட்டு வருபவை.

புதிய ஏற்பாட்டில் அப்படியோர் அட்டவணை இல்லை. கிறிஸ்து பிறந்த நாளோ மாதமோ நற்செய்திகளில் இல்லை. உயிர்த்தெழுந்ததை ஆண்டுக்கொரு முறை கொண்டாடும்படி நேரடியான கட்டளையும் இல்லை. வாரத்தின் முதல் நாளில் சீடர்கள் கூடி அப்பம் பிட்டதை அப்போஸ்தலர் நடபடிகள் குறிப்பிடுகிறது. சனியை விட்டு ஞாயிறுக்கு மாறுங்கள் என்று எங்கும் எழுதப்படவில்லை. பவுலின் நிருபங்களிலும் இரண்டு தொனிகள் கேட்கின்றன. கலாத்தியருக்கு எழுதும்போது நாள், மாதம், ஆண்டு பார்ப்பதைக் கண்டிக்கிறார். ரோமருக்கு எழுதும்போதோ நாள் பார்ப்பவரும் பாராதவரும் ஒருவரையொருவர் குறைசொல்ல வேண்டாம் என்கிறார்.

பிற்காலத்துக் கட்சிகள் எல்லாம் இந்த இடைவெளியில் முளைத்தவை. வேதம் மௌனமாக இருக்கும் இடத்தில் திருச்சபை பேசலாம் என்பது ஒரு தரப்பு. மௌனத்தையே ஒரு விடையாகக் கொள்ள வேண்டும் என்பது மறு தரப்பு.

மரபின் பக்கம்: பனி பெய்யாத ஊரில் பனித் திருநாள்

முத்துக்குளித்துறையின் பரதவர் 1530களின் நடுவில் கூட்டங்கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். தமிழில் பெயர்க்கச் செய்த செபங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்ததை அவருடைய கடிதங்கள் விவரிக்கின்றன. ஆக, இந்தக் கரைக்கு நாள்காட்டி புத்தகமாக வரவில்லை. கூடிச் சொல்லும் செபமாகவும் கொடியேற்றமாகவும் வந்தது.

அதற்குத் தலைசிறந்த உதாரணம் ஆகஸ்ட் 5. உரோமை நகரின் எஸ்குலின் குன்றில், நான்காம் நூற்றாண்டில், கடுங்கோடையின் ஓர் இரவில் பனி பெய்து கோயில் கட்டவேண்டிய இடத்தை மாதா காட்டினார் என்பது மரபுக் கதை. அங்கே எழுந்ததுதான் புனித மரியா பேராலயம். இந்தக் கதைக்கு அக்காலத்துச் சான்று எதுவும் இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்தே அது எழுத்தில் தென்படுகிறது. பதினான்காம் பெனடிக்ட் திருத்தந்தையாக இருந்தபோது 1741இல் கூடிய குழு, வழிபாட்டு நூலிலிருந்து அதை எடுத்துவிடப் பரிந்துரைத்தது. 1969இல் சீர்திருத்தப்பட்ட உரோமை நாள்காட்டி, ஆகஸ்ட் 5ஐப் பேராலய நேர்ந்தளிப்பு நாள் என்று மட்டும் குறிக்கிறது. பனி அங்கே தலைப்பிலிருந்து இறங்கிவிட்டது.

தூத்துக்குடியில் இறங்கவில்லை. போர்த்துகீசியர் விட்டுச்சென்ற, ‘பனியின்’ என்று பொருள்படும் ‘தஸ் நேவிஸ்’ என்ற சொல் இன்றும் ‘தஸ்நேவிஸ் மாதா’ என்று ஊர் வாயில் புழங்குகிறது. இத்தனைக்கும் ‘பனி’ என்றால் தமிழ்க் காதுக்கு மார்கழிக் காலையில் புல்மேல் நிற்கும் ஈரம்தான். இமயத்தையோ எஸ்குலினையோ மூடும் வெண்பனி அல்ல. ஆடி மாதத்து வெக்கையில், உப்பளக் காற்றில், அந்தப் பெயரைச் சொல்லி ஜனம் கூடுகிறது.

பேராலயத்தில் உள்ள மாதா சொரூபம் பற்றிய மரபும் ஆராய்ச்சிக்கு இடம் தருகிறது. ‘சாந்தா ஹெலேனா’ என்ற கப்பலில் மணிலாவிலிருந்து 1555 ஜூன் 9 அன்று அது வந்து சேர்ந்ததாகப் பேராலய மரபு சொல்கிறது. ஆனால் ஸ்பானியர் மணிலாவில் குடியமர்ந்தது 1571இல்தான். ஆண்டில் பிழையா, புறப்பட்ட துறைமுகத்தில் பிழையா என்று தீர்த்துச் சொல்வது எளிதல்ல. ஆலயக் கட்டடத்தின் கதை இதைவிடத் தெளிவானது. இயேசு சபைக் குரு விஜிலியுஸ் மான்சி முன்னின்று எழுப்பிய இன்றைய ஆலயம் 1713 ஆகஸ்ட் 5 அன்று அர்ச்சிக்கப்பட்டது. அப்போது ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தது. புனிதர் திருநாள்களையும் சொரூபங்களையும் ஏற்காத சீர்திருத்தச் சபையினரின் ஆட்சியில், கத்தோலிக்க நாள்காட்டியின் ஒரு தேதிக்காக ஒரு பெரிய கோயில் எழுந்தது கவனிக்கத்தக்கது. 1982இல் அது பேராலயமாக உயர்த்தப்பட்டது.

மரபின் பக்கம் நிற்போர் சொல்வது இதுதான்: தேதி எங்கிருந்து வந்தது என்பதைவிட, அந்தத் தேதியில் இத்தனை தலைமுறை சேர்ந்து நின்றது பெரிது. ஜூலை 26இல், மாதாவின் பெற்றோரான சுவக்கின், அன்னாள் நினைவு நாளில் கொடியேறுகிறது. அன்று தொடங்கிப் பதினோராம் நாள் பெருவிழா. பெற்றோரின் நாளில் கொடி, மகளின் நாளில் தேர் என்ற அந்த ஒழுங்கு எந்த வேத வசனத்திலும் இல்லை. ஆனால் அதற்கென்று ஒரு தர்க்கம் இருக்கிறது.

பலவீனமும் உண்டு. மரபு நிலையானது என்ற நம்பிக்கையை அதன் வரலாறே தளர்த்துகிறது. ஊரின் பெருமையான தங்கத் தேர் முதன்முதலில் ஓடியது 1806 பிப்ரவரி 2இல் என்று ஆலய மரபே சொல்கிறது. அது மாதாவின் சுத்திகரத் திருநாள், ஆகஸ்டு அல்ல. இந்தியக் கத்தோலிக்கத் திருச்சபை கிறிஸ்துவின் விண்ணேற்றம், திருக்காட்சி போன்ற பழைய பெருவிழாக்களை மக்களின் வசதிக்காக ஞாயிறுக்கு நகர்த்தியிருக்கிறது. ஞாயிறுகளைத் தவிர இங்கே கட்டாயம் திருப்பலி காண வேண்டிய கடன் திருநாளாக நிற்பவை கிறிஸ்து பிறப்பும், ஆகஸ்ட் 15இல் வரும் மாதாவின் விண்ணேற்பும்தான். நாளை நகர்த்த மரபுக்கு அதிகாரம் உண்டு என்றால், நாள் தன்னளவில் புனிதமா என்ற கேள்வி தானே எழுகிறது.

ஆகஸ்ட் 5 ஆடி மாதத்தில் விழுவதைக் கொண்டு, அம்மன் திருவிழாக் காலத்தோடு அதை இணைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. தேர், கொடி, சப்பரம் ஆகியவற்றில் அந்த உறவு வெளிப்படையானது. பரதவர் சமயத்தையும் தென்னகத்து அம்மன் வழிபாட்டையும் சூசன் பெய்லி போன்ற வரலாற்றாசிரியர்கள் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். ஆனால் தேதியைப் பொறுத்தவரை, அது ஆடியைப் பார்த்துக் குறிக்கப்பட்டதல்ல. நாள் உரோமையிலிருந்து வந்தது. கொண்டாடும் முறை இந்த மண்ணில் விளைந்தது.

நிலவும் அட்டவணையும்: ஈஸ்டர் வழக்கு

நாள் பற்றிய சண்டைகளில் மூத்தது ஈஸ்டர் சண்டை. இரண்டாம் நூற்றாண்டில் சின்ன ஆசியாவின் சபைகள் யூதர்களின் நிசான் 14ஆம் நாளை, அது எந்தக் கிழமையானாலும், ஆசரித்தன. உரோமை ஞாயிறைப் பிடித்துக்கொண்டது. உரோமை ஆயர் விக்டர் எதிர்த்தரப்பை விலக்கிவைக்க முனைந்தபோது, லியோன் நகர ஆயர் இரேனியுஸ் குறுக்கிட்டார். நாளில் வேறுபட்டும் முன்னோர் உறவில் நிலைத்திருந்தார்கள் என்பது அவருடைய வாதம். 325இல் நிசேயா சங்கம் எல்லோரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது.

இப்போதைய விதியைத் தமிழ் நாள்காட்டியின் கண்ணால் பார்த்தால் எளிதாகப் புரியும். மார்ச் 21இலோ அதன் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமி. அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். நிலவைப் பார்த்து நீரோட்டத்தைக் கணிக்கும் கடலோரத்து மக்களுக்கு இது அந்நியமான கணக்கல்ல. சிக்கல் என்னவென்றால், திருச்சபை பார்ப்பது வானத்து நிலவை அல்ல, அட்டவணை நிலவை. 2019இல் மார்ச் 20 அன்று சம இரவு நாள், மறுநாளே முழுநிலவு. வானத்தைப் பார்த்திருந்தால் ஈஸ்டர் மார்ச் 24. அட்டவணைப்படி அது ஏப்ரல் 21க்குப் போனது.

அட்டவணையிலும் இரண்டு உண்டு. 1582 அக்டோபரில் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி பழைய ஜூலியன் நாள்காட்டியைத் திருத்தி, 4ஆம் தேதிக்கு அடுத்த நாளை 15 என்று ஆக்கினார். போர்த்துகலும் ஸ்பெயினும் உடனே ஏற்றன. இங்கிலாந்து 1752 வரை காத்திருந்தது. கிழக்கின் பல ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஈஸ்டருக்கு இன்றும் பழைய கணக்கையே வைத்திருக்கின்றன. 1997இல் சிரியாவின் அலெப்போவில் கூடிய கலந்தாய்வு, எருசலேமின் வானத்தை வைத்து வானியல்படி கணக்கிடலாம் என்று யோசனை சொன்னது. இரண்டாம் வத்திக்கான் சங்கமோ, மற்றச் சபைகள் இசைந்தால் நிலையான ஒரு ஞாயிறுக்கு மறுப்பில்லை என்று 1963இலேயே அறிவித்திருந்தது. இரண்டும் இன்றளவும் நடைமுறைக்கு வரவில்லை.

தூத்துக்குடியில் கத்தோலிக்கரின் தவக்காலமும் தென்னிந்தியத் திருச்சபையினரின் லெந்து நாள்களும் ஒரே புதன்கிழமை தொடங்குகின்றன. பெயர் வேறு, கணக்கு ஒன்று. உரோமையின் அதிகாரத்தை மறுத்த ஆங்கிலிக்கன் வழியினரும் உரோமை திருத்திய கணக்கிலேயே பெரிய வெள்ளியை ஆசரிக்கிறார்கள். வேதமா மரபா என்று பிரிந்தவர்கள் அட்டவணையில் ஒன்றாகிறார்கள்.

ஏழாம் நாள்: மூக்குப்பீறியும் பிரகாசபுரமும்

வேதத்தின் பக்கம் மிகத் துணிவாக நின்ற சோதனை ஒன்று இதே வட்டாரத்தில் நடந்தது. நாசரேத் மிஷனில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, மிஷனரியோடு ஏற்பட்ட பிணக்கில் வேலையை இழந்தார். நாடார் சமூகத்தைப் பற்றி மிஷனரி ராபர்ட் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூல் அந்தக் கசப்பை வளர்த்தது. 1857இல் மூக்குப்பீறியை மையமாகக் கொண்டு அவர் தொடங்கிய சபையை வரலாற்றாசிரியர்கள் இந்து-கிறிஸ்தவ சபை என்று குறிப்பிடுகிறார்கள்.

வெள்ளைக்காரப் பாதிரியின் தலைமையும் பணமும் அங்கே இல்லை. கூடவே வெள்ளைக்காரரின் நாள்காட்டியும் போயிற்று. ஞாயிறுக்குப் பதில் சனி ஓய்வுநாள் ஆயிற்று. பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள் திரும்பின. தூபம், எக்காளம், தரையில் அமர்ந்து வழிபடுவது, திராட்சை மதுவுக்குப் பதில் புளிக்காத பழரசம் என்று வழிபாடு மாறியது. சட்டாம்பிள்ளையின் தர்க்கம் கூர்மையானது: மிஷனரிகள் கொண்டுவந்தது வேதமும் ஐரோப்பிய வழக்கமும் சேர்ந்த கலவை, இரண்டையும் பிரித்தால் நம் ஊர் வழக்கங்கள் ஐரோப்பியரைவிட வேதத்துக்கே நெருக்கமாக இருக்கும்.

இந்தச் சனிக்கிழமைக்காரர்களைப் பற்றிய செய்திதான் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் மிஷனை இப்பக்கம் இழுத்தது. 1908 வாக்கில் ஜே. எஸ். ஜேம்ஸ் என்ற மிஷனரி இங்கே வந்து வேலையைத் தொடங்கினார். பிரகாசபுரத்தில் அவர் பெயரில் பள்ளி இருக்கிறது. ஆனால் இரு தரப்பின் சனியும் ஒரே சனி அல்ல. அட்வெண்டிஸ்டுகளுக்கு அது உலக முடிவைப் பற்றிய போதனையோடு பிணைந்த நாள். சட்டாம்பிள்ளைக்கு அது மிஷன் ஆதிக்கத்திலிருந்து விடுதலையின் அடையாளமும் கூட.

ஓய்வுநாள் வாதத்தின் பலம் அதன் நேர்மை: ஏழாம் நாள் என்று எழுதியிருந்தால் ஏழாம் நாள்தான். ஞாயிறு ஆசரிப்பு 321இல் கான்ஸ்டன்டைன் பிறப்பித்த ஆணையால் வந்தது என்று சிலர் சேர்க்கும் பகுதிதான் பலவீனம். சூரியனின் நாளில் கிறிஸ்தவர்கள் கூடுவதை இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் அதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகள் முன்பே எழுதிவிட்டார். மறுபுறம், நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயா சங்கம் சனியன்று ஓய்ந்திருப்பதைத் தடைசெய்தது; அப்படித் தடைசெய்ய வேண்டியிருந்தது என்பதே அதுவரை பலர் ஓய்ந்திருந்தார்கள் என்பதற்குச் சாட்சி.

உலகம் உருண்டை என்பதும் இந்த வாதத்துக்கு ஒரு தொல்லை. 2011 டிசம்பரில் சமோவா தீவு சர்வதேசத் தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்குத் தாவியபோது, டிசம்பர் 30 அந்த நாட்டுக்கு வரவே இல்லை. நேற்றுவரை சனியாக இருந்த நாள் இனி ஞாயிறா என்று அங்குள்ள அட்வெண்டிஸ்டுகள் குழம்பினர். அவர்களில் பெரும்பகுதியினர் புதிய கணக்கின் ஞாயிறில் வழிபடத் தொடங்கினர். ஏழாம் நாளை எண்ணக்கூட மனிதர் போட்ட ஒரு கோடு தேவைப்படுகிறது.

எந்த நாளும் வேண்டாம் என்போர்

நாள்களையே கைவிடச் சொல்லும் விடையும் உண்டு. இங்கிலாந்தின் பியூரிட்டன் பாராளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸைத் தடைசெய்தது இதன் உச்சம். திருநெல்வேலிச் சீமையில் இந்த மனப்போக்குக்கு மென்மையான வடிவம் கிடைத்தது. ஜான் அருளப்பன் வழிவந்த பிரதரன் சபைகள் ஞாயிறுதோறும் அப்பம் பிட்குதலையே மையமாக்கின. இலங்கையில் 1920களில் தோன்றி இக்கரைக்கும் பரவிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் கிறிஸ்துமஸைக் கொண்டாடுவதில்லை.

இவர்கள் சுட்டிக்காட்டும் குறை உண்மையானதே. டிசம்பர் 25 பற்றிய தெளிவான முதல் சான்று உரோமையில் 336ஐ ஒட்டிக் கிடைக்கிறது. சூரியக் கடவுளின் விழாவுக்குப் போட்டியாக வைத்தார்கள் என்பது ஒரு கருத்து. மார்ச் 25இல் கருவுற்றதாகக் கொண்டு ஒன்பது மாதம் கூட்டிக் கணக்கிட்டார்கள் என்பது மற்றொன்று. ஆய்வாளரிடையே இரண்டுக்கும் ஆதரவு உண்டு. ஆனால் நாளே வேண்டாம் என்பதைக் கடைப்பிடிப்பது கடினம். டிசம்பர் 31 நள்ளிரவில், கிறிஸ்துமஸை ஆசரிக்காத சபைகள் பலவற்றிலும் விளக்கு எரிகிறது, புத்தாண்டு வாக்குத்தத்தம் வாசிக்கப்படுகிறது. ஜனவரி 1ஐயும் எந்த அப்போஸ்தலரும் குறித்துக்கொடுக்கவில்லை.

கடல் வகுத்த காலம்

இந்த விவாதங்களில் அதிகம் பேசப்படாத தரப்பு ஒன்று இருக்கிறது: தொழில். முத்துச் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு நடந்த காலம் வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று எழுவதற்கு முன் கடல் அமைதியாக இருக்கும் வாரங்கள். அதாவது பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரை. சாம்பல் புதன் விழக்கூடியது பிப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் இடையே. ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே. ஆண்டின் மிகப் பெரிய வருமானமும் மிகக் கடுமையான தவமும் ஒரே பருவத்தில் மோதிக்கொண்டன. மூச்சடக்கிக் கல்லோடு கடலடிக்கு இறங்கும் குளியாளுக்கு நோன்பு என்பது வெறும் மனப் பயிற்சி அல்ல.

எதிர்க்கரையான இலங்கையில் நடந்த சலாபத்தை 1803இல் விவரித்த ராபர்ட் பெர்சிவல் ஒரு பயனுள்ள தகவலைத் தருகிறார். பருவம் பெயரளவில் ஆறு வாரம், இரண்டு மாதம் என்று நீண்டாலும், உண்மையில் குளிக்கும் நாள்கள் ஏறத்தாழ முப்பதுதான். வானிலையோடு, பல சாதி சமயத்தாரான குளியாட்களின் திருநாள்களும் அதற்குக் காரணம். முத்து ஏலத்துக்காகக் காத்திருந்த வணிகரும் வரி எதிர்பார்த்த அரசும் இதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. குளியாள் இறங்கவில்லை என்றால் முத்து இல்லை.

தூத்துக்குடியின் கடைசி முத்துச் சலாபம் 1961இல் முடிந்தது. ஆனால் கடலும் ஆலயமும் நாளைப் பங்குபோடுவது நின்றுவிடவில்லை. கத்தோலிக்கக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஞாயிறன்று படகு இறங்குவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு அரசு விதித்த ஓய்வு. அதன் நியாயம் மீன் இனப்பெருக்கம், இறையியல் அல்ல. உள்நாட்டுப் புராட்டஸ்டன்டு ஊர்களிலோ பிரதிஷ்டைப் பண்டிகையும் அசனமும் ஆண்டின் உச்சம். ஒவ்வோர் ஊருக்கும் அதன் ஆலயம் பிரதிஷ்டையான தேதியே பெரிய நாள். பெரிய பானைகளில் சோறு வெந்து ஊரே பந்தியில் உட்காரும் அந்த நாளைப் பவுலும் குறிக்கவில்லை, பாப்பரசரும் குறிக்கவில்லை.

எஞ்சி நிற்பவை

இந்த விடைகளை அருகருகே வைத்தால், எந்தத் தரப்பும் தன் கொள்கையைக் கடைசிவரை கொண்டுபோகவில்லை என்று சொல்ல இடமுண்டு. மரபு நாளை நகர்த்தியிருக்கிறது. வேதம் மட்டும் என்றவர்கள் மரபின் அட்டவணையையோ அரசின் புத்தாண்டையோ கடன் வாங்குகிறார்கள். சனியைக் காப்பவர்களுக்குத் தேதிக் கோடு தேவைப்படுகிறது. இது பாசாங்கு என்று முடிவுகட்டுவது அவசரமாகும். நாள் என்பது தனியாள் ஆசரிப்பதல்ல, கூடி ஆசரிப்பது. கூட வேண்டுமென்றால் யாரோ குறித்த ஒரு தேதிக்கு எல்லோரும் இசைய வேண்டியிருக்கிறது. அந்த இசைவை வேதம் கேட்கிறதா, அனுமதிக்க மட்டும் செய்கிறதா என்பதில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது என்று தோன்றுகிறது.

திறந்திருக்கும் கேள்விகள் சில உண்டு. ஈஸ்டருக்குப் பொது நாள் வருமா என்பது ஒன்று. 2025இல் ஏப்ரல் 20 அன்று கிழக்கும் மேற்கும் சேர்ந்தது நிசேயாவின் 1700ஆம் ஆண்டில் அட்டவணைகள் தற்செயலாக ஒத்துப்போனதால்தான். 2027இல் மார்ச் 28, மே 2 என்று ஐந்து வாரம் விலகுகின்றன. வேலை நாளாகவும் தேர்வு நாளாகவும் அமையும் சனியில் சிறுபான்மைச் சபையினரின் மனச்சாட்சிக்கு எவ்வளவு இடம் தரலாம் என்பது இன்னொன்று. அது இறையியலர் மட்டும் தீர்க்கக்கூடியதல்ல. சட்டாம்பிள்ளை கேட்ட கேள்வியும், அதாவது இந்நாட்டுக் கிறிஸ்தவரின் நாள்காட்டி எந்த அளவுக்கு ஐரோப்பாவுடையது என்பதும், பெரிய சபைகளில் இன்னும் முழுதாக விவாதிக்கப்படவில்லை.

2028இல் கிழக்கின் ஈஸ்டரும் மேற்கின் ஈஸ்டரும் மீண்டும் ஒன்றாக, ஏப்ரல் 16இல் வருகின்றன. இப்போதைய விதி தொடர்ந்தால், அதற்கு முந்தைய நாள்தான் மீன்பிடித் தடை தொடங்கி விசைப்படகுகள் கரையில் கட்டப்படும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 5 சனிக்கிழமை. பேராலயத் தெருவில் மாதாவின் திருவிழா நடக்கும் அதே காலையில், பிரகாசபுரத்தில் ஓய்வுநாள் ஆராதனையும் நடக்கும்.